பதினாலாம் நம்பர் உள்பாவாடை

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்து பாதியில் இன்னொன்றுக்குப் போய்விடுவேன், விட்ட இடமும் மறந்துபோகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு மேட்ரன் போன மாதம் எல்லோருக்கும் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தார். "இந்த வீட்டுல உங்களுக்கு என்னென்ன ஞாபகம் இருக்கோ எழுதுங்க. எல்லாத்தையும் சேத்து ஒரு புத்தகமாப் போடப்போறோம்" என்றார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு வாங்கினார்கள். எனக்கு மட்டும், இது புத்தகத்துக்குத்தானா, இல்லை யாருக்கு எவ்வளவு ஞாபகம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கவா என்று ஒரு சந்தேகம். ஆனாலும் எழுதுகிறேன். எழுத வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை வாயால் சொல்ல என்னால் ஆகாது.

கொடைக்கானல் ஏரிக்கு மேலே, பேரிக்காய் மரங்களுக்குப் பின்னால் இருக்கிற கல்வீடு இது. வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் கட்டியது. இப்போது வயதானவர்கள் சேர்ந்து இருக்கிற வீடாக இருக்கிறது. ஒன்பது பேர் இருந்தோம், இப்போது எட்டு. சமைக்க, துவைக்க, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் உண்டு. குளிப்பது, உடுத்துவது, சாப்பாட்டு மேசைக்கு நடந்து வருவது எல்லாம் அவரவர் பாடு. பழைய வீடு என்பதால் ஒரு ஜன்னலைக்கூட மாற்றக் கூடாதாம். சுவரில் நாங்கள் பிடித்து நடக்கக் கம்பி அடிப்பதற்கே பல மாதம் கடிதம் எழுதினார்கள். வாசலில் நின்று போட்டோ எடுக்கிற டூரிஸ்டுகள் இதை ஓட்டல் என்று நினைத்து ரூம் இருக்கிறதா என்று கேட்பார்கள். எங்களோடு இருக்கிற பழைய பஸ் டிரைவர், "இருக்கு, எழுபது வயசு ஆனப்பெறகு வாங்க" என்பார்.

தரை முழுக்கப் பலகை. யார் நடந்தாலும் முனகும். அந்த முனகலை வைத்து இன்னார் என்று சொல்லிவிடலாம். அதனால் இந்த வீட்டில் யாரும் ரகசியமாக ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்வார்கள். நான் அதை நம்பியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற ரகசியத்துக்குத் தரை என்ன செய்யும்?

நான் இங்கே எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே லயத்தில் இருந்தோம். ஒரே நீளக் கட்டடம், குடும்பத்துக்கு ஒரு காம்பிரா, அதாவது ஒரே ஒரு அறை, அடுத்த வீட்டு இருமல்கூட நம் வீட்டு இருமல் மாதிரி கேட்கும். அங்கிருந்து கப்பலேறி வந்து, இந்த மலைக்கு வந்து, மிஷன் பள்ளிக்கூடத்துச் சலவைக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருடம் அந்த வேலை. போர்டிங் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். சட்டை, பாவாடை, போர்வை, காலுறை என்று எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் அந்த நம்பரைத் தைக்க வேண்டும். பிள்ளைகளின் பெயர் எனக்குத் தெரியாது. இருபத்தேழுக்குச் சளி, நாற்பதுக்குப் படுக்கை நனைகிறது என்று துணியை வைத்தே சொல்வேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்கென்று இந்த வீட்டில் இரண்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு இடம் எனக்குக் கிடைத்தது. பிறந்ததிலிருந்து லயம், அப்புறம் வேலைக்காரர் வரிசை வீடு. ஜன்னல் வைத்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுத்தது இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான். காலையில் கண் விழித்ததும் ஜன்னலில் மூடுபனி நிற்கும். நான் எழுந்திருக்க மாட்டேன். அது விலகுகிறவரை பார்த்துக்கொண்டு கிடப்பேன். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இது பெரிய விஷயமாக மற்றவர்களுக்குத் தோன்றாது.

இன்னொரு இடம் டீச்சருக்கு. அதே பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவர். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே பீரோ. மேல் தட்டு அவருக்கு, கீழ்த் தட்டு எனக்கு. அவர் என்னை ஆயா என்றுதான் கூப்பிடுவார். மேட்ரனுக்கு அது பிடிக்காது.

"இங்க ஆயா, டீச்சர்லாம் கெடையாது டீச்சர். எல்லாரும் ஒண்ணுதான்."

"இப்ப நீங்க என்னைய என்னன்னு கூப்பிட்டீங்க மேட்ரன்?"

மேட்ரன் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் ஆயா என்பது என் காதில் விழாமல் போனதில்லை.

இந்த வீட்டை நடத்துகிறவர்களுக்கு மலைக்குக் கீழே, அய்யம்பாளையத்துப் பக்கம் இன்னொரு வீடு இருக்கிறது. அதை நாங்கள் "கீழே" என்று மட்டும் சொல்வோம். ஞாபகம் தப்பியவர்களையும் படுத்த படுக்கையானவர்களையும் அங்கே அனுப்புவார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு வேனில் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். நல்ல காற்று, தென்னந்தோப்பு, சுத்தம் எல்லாம் சரிதான். ஆனால் ஒரே ஹால். இரண்டு வரிசைக் கட்டில். ஒருவர் புரண்டால் அடுத்தவர் விழிக்க வேண்டும். எல்லார் ஜாக்கெட்டிலும் கழுத்துக்குப் பின்னால் சிவப்பு நூலில் நம்பர். எல்லாத் துணியையும் ஒன்றாகப் போட்டுத் துவைக்கிறார்களாம், யாருடையது எது என்று அவர்களுக்கே தெரியாதாம்.

திரும்பி வருகிற வழியில் பெருமாள்மலையில் டீ குடிக்க வேன் நின்றது. நான் இறங்கவில்லை. லயத்திலிருந்து கிளம்பி வந்தவள், கடைசியில் இன்னொரு லயத்தில் போய்ப் படுப்பதா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே இருக்கிற எங்கள் வீட்டில் துணிக்கு நம்பர் கிடையாது. தன் துணி எது என்று அவரவருக்குத் தெரியும். அது தெரியாமல் போகிற அன்றைக்குக் கீழே போக வேண்டியதுதான். மேட்ரன் அப்படிச் சொன்னதில்லை. நாங்களே எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

இந்த வருடம் சீசன் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், மாதாமாதம் வருகிற டாக்டருக்குப் பதிலாக ஒரு புது டாக்டர் வந்தார். சாப்பாட்டு மேசையிலேயே எல்லோரையும் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டார். என் முகத்துக்குக் கிட்டத்தில் வந்து, "பாட்டி, இன்னைக்கு என்ன கிழமை?" என்றார்.

புதன்கிழமை. எனக்கு நன்றாகத் தெரியும், புதன்தோறும் வைக்கிற முட்டைக் குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஆம்பிளை அவ்வளவு கிட்டத்தில் வந்து கேட்டால் எனக்கு வாய் திறக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவர் காத்திருந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க நாக்கு இன்னும் ஒட்டிக்கொண்டது.

டிரைவர்தான் பேசினார். "பேட்டரி டவுன் டாக்டர். பெருமாள்மலை எறக்கத்துல தள்ளி விட்டா ஸ்டார்ட் ஆயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். மேட்ரன் அந்தத் தாளை எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே அடையாளமாகத் தெரிந்தது. மேட்ரன் என் ஆதார் அட்டையை வாங்கி ஜெராக்ஸ் எடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். சமையல்காரப் பெண் எனக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். அவள் பெருமாள்மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள், வாய் ஓயாது. அவளிடம் தினமும் காலையில் போய் நானாகவே கிழமையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமை."

"ஆமா பெரியம்மா. நேத்து வியாழன், நாளைக்குச் சனி. எதுக்கு வெள்ளனே வந்து காலண்டரக் கிழிக்கிறீங்க? எனக்குச் சோலி கெடக்கு, நகருங்க."

எங்கள் அறையின் கணப்பும் மேட்ரன் ஆபீசின் கணப்பும் முதுகோடு முதுகு ஒட்டியவை. புகைபோக்கி ஒன்றுதான். இப்போது யாரும் அதில் விறகு எரிப்பதில்லை. கணப்புப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் பேசுவது கேட்கும். முன்பெல்லாம் நான் அதைக் கவனித்ததில்லை. டாக்டர் வந்து போன பிறகு அந்த நாற்காலிதான் என் இடமாகிவிட்டது. ஒரு நாள் மேட்ரன் போனில் பேசுவது கேட்டது. "அங்க ஒரு கட்டில் காலியாத்தான இருக்கு? இருக்கட்டும். சீசன் முடியட்டும், இப்ப ரோடு பூரா டூரிஸ்ட் வண்டியாக் கெடக்கு, வேன் எறங்க முடியாது."

யாருக்குக் கட்டில் என்று அவர் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இனிதான் உள்பாவாடை விஷயம்.

போன கிறிஸ்துமஸுக்குச் சபைப் பெண்கள் வந்து எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு மூன்று வெள்ளை உள்பாவாடை கொடுத்தார்கள். எல்லாம் ஒரே தையல்காரர் தைத்தது, ஒரே அளவு. எங்கள் அறையில் டீச்சருக்கு மூன்று, எனக்கு மூன்று. துவைக்கிற பெண் அறை அறையாகத் துவைத்து, உலர்ந்த துணியை மடித்து மொத்தமாகக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போவாள். பிரித்து அடுக்குவது நான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. துணி மடித்த மேனிக்கு இருந்தால் என் கை சும்மா இருக்காது. சேலை, ஜாக்கெட் பார்த்தால் தெரியும். உள்பாவாடைகளைப் பிரித்துப் பார்க்க மாட்டேன், பாதி மேல் தட்டில், பாதி கீழ்த் தட்டில் வைத்துவிடுவேன்.

மே மாதத்தில் ஒரு நாள், மழைக்குப் பிறகு குளித்து உடுத்தும்போது, நாடா கோத்த பட்டியின் உள்பக்கம் விரலில் ஏதோ தட்டியது. திருப்பிப் பார்த்தேன். சிவப்பு நூலில் பதினாலு.

முப்பத்தெட்டு வருடம் நான் பிள்ளைகளுக்குத் தைத்தது, கடைசியில் என் இடுப்புக்கே வந்து நின்றது. நூலைப் பார்த்தேன். ஈரிழை, குறுக்குத் தையல், பின்பக்கம் முடிச்சு தெரியாமல் சொருகியிருந்தது. மேட்ரனுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. இந்த வீட்டில் தையல் பெட்டி வைத்திருப்பது இரண்டு பேர், நானும் டீச்சரும். மேட்ரன் சொல்லி டீச்சர்தான் எனக்குத் தைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கே சமையல்காரியிடம், ஒன்றுமில்லாத பேச்சுப்போல, "கீழ எத்தனை பேரு இருப்பாங்க?" என்று கேட்டேன்.

"பதிமூணு பேருன்னு சொன்னாங்க. ஏன் பெரியம்மா, போகப்போறீங்களா? என் சமையல விட்டுட்டா? அங்கெல்லாம் ஒறைப்பே போட மாட்டாங்க, பாத்துக்கங்க."

பதிமூன்று. அடுத்தது பதினாலு.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, சேஃப்டி பின்னால் அந்த நூலை ஒவ்வோர் இழையாக எடுத்தேன். நம்பர் தைத்த பழைய துணியைச் சின்னப் பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுக்கும்போது இப்படி எத்தனையோ எடுத்திருக்கிறேன். துணி கிழியாது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஊசித் துளை தெரியும். நூலைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். நம்பர் இல்லாதவளை எப்படி அனுப்புவார்கள் என்று ஒரு நினைப்பு. இப்போது எழுதும்போது அது சின்னப் பிள்ளைப் புத்தி என்று தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

டீச்சரைக் கவனிக்க ஆரம்பித்தேன். மதியம் எல்லோரும் படுக்கிற நேரத்தில் அவர் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே வந்தால் மடியில் இருப்பதைச் சால்வையால் மூடுவார். "என்ன டீச்சர் தைக்கிறீங்க?" என்று கேட்க எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்தது தெரியாது. கேட்டதில்லை. ஒரு ஆயா டீச்சரைக் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அவர் தட்டில் இருக்கிற துணியைத் தொட்டுப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அடுக்கி வைப்பேனே தவிர, பிரித்ததில்லை.

சாப்பாட்டுக்கு முன் இந்த வீட்டில் ஜெபம் உண்டு. நான் வேறு சாமி கும்பிடுகிறவள், ஆனாலும் கூட உட்காருவேன். மற்றவர்கள் கண்ணை மூடுவார்கள், நான் மூடுவதில்லை. அதனால் ஜெப நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும். டிரைவர் அப்பளத்தை எடுத்து ஒளித்து வைப்பார். அந்த வாரம் டீச்சரும் கண்ணைத் திறந்து பார்ப்பதைக் கண்டேன். குனிந்து, என் சேலைக்குக் கீழே தெரிகிற உள்பாவாடை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். அவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து மறுபடி பதினாலு. அதே பட்டி, அதே இடம். மறுபடி பிரித்தேன். ஜூன் மாதத்தில் மூன்றாவது தடவை. இந்தத் தடவை எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தது, நூலும் தடிமன், பிடிவாதமாகத் தைத்ததுபோல. சரி, விட மாட்டார்கள்போல என்று நினைத்துக்கொண்டு அதையும் எடுத்தேன். ஒரே அறையில் இரண்டு பேர், காலையில் ஒருவருக்கொருவர் வெந்நீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இப்படி ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை என்று தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

சீசன் முடிந்தது. ரோட்டில் வண்டி குறைந்தது. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், தோட்டத்தில் காட்டுமாடு வந்து நிற்கிறது, யாரும் வெளியே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் கணப்பு நாற்காலியில் இருந்தேன். அந்தப் பக்கம் டீச்சர் குரல் கேட்டது.

"நான் மூணுலயும் தச்சேன் மேட்ரன். எண்ணித்தான் தச்சேன். பெறகு பாத்தா ஒண்ணுல இல்ல. சரி, விட்டுட்டோம்போலன்னு மறுபடி தச்சேன். மறுபடியும் இல்ல."

"எதுல டீச்சர்?"

"உள்பாவாடையில. பீரோவுல எது என்னுது, எது ஆயாவுதுன்னு எனக்குத் தடுமாறுது. அதுக்குத்தான் யாருக்கும் தெரியாம நம்பர் தைக்க ஆரம்பிச்சேன். தச்சதாவது நெனப்புல இருக்கும்னு பாத்தா அதுவும் இல்ல. தைக்காமலே தச்சதா நெனச்சுக்கிறேன். இது நல்லதுக்கு இல்ல."

"எல்லாருக்கும் வர்றதுதான் டீச்சர். நானே சாவிய எங்க வச்சேன்னு தேடுறேன்."

"நீங்க சாவியத் தேடுறீங்க. நான் செய்யாததைச் செஞ்சேன்னு சாதிக்கிறேன். நாளைக்கு அடுப்ப அணைச்சேன்னு சொல்லுவேன். தரை பூரா பலகை. கீழ ஏதாச்சும் கட்டில் காலியா இருந்தா என்னைய அனுப்பிருங்க. நீங்களா அனுப்பறதுக்கு முன்னாடி நானாப் போயிடறேன்."

மேட்ரன், "உங்களுக்கு எப்படி இது தோணுச்சு, நாங்க வேற ஒருத்தரப் பத்திதான் யோசிச்சிட்டிருந்தோம்" என்றார்.

என் நாற்காலியிலிருந்து ஆபீஸ் கதவுக்குப் பத்துப் பன்னிரண்டு எட்டு இருக்கும். போய் நின்று, நூலை எடுத்தது நான்தான் என்று சொன்னால் போதும். எழுந்துகூட நின்றேன். பலகை முனகியது. உடனே உட்கார்ந்துவிட்டேன். காலியாக இருப்பது ஒரு கட்டில். அவர் போகவில்லை என்றால் யார் போவது? அந்த வேற ஒருத்தர் யார் என்று எனக்குத் தெரியாதா? கூச்சத்தால் வாய் வரவில்லை என்று மற்ற விஷயங்களில் சொல்லலாம். இதில் அப்படிச் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்தேன்.

டீச்சர் அறைக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். அதுவரை என் கட்டிலில் அவர் உட்கார்ந்ததில்லை.

"ஆயா, நான் கீழ போறேன். அடுத்த வாரம்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"என் துணிக்கெல்லாம் நம்பர் தச்சுக் குடுப்பீங்களா? எனக்குப் பன்னெண்டு குடுத்திருக்காங்க. யாரோ போய்ச் சேந்துட்டாங்கபோல, அவங்க நம்பரு."

"பதினாலு இல்லையா டீச்சர்?" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. ஆனால் அவர், "பதினாலு உங்களுக்கு எப்படித் தெரியும், பாத்துட்டீங்களா? அது நான் சின்னப் பிள்ளையில போர்டிங்ல இருந்தப்ப என் நம்பர். எது மறந்தாலும் அது மறக்காதுன்னு அதத் தச்சேன்" என்றார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்கதான் என் பாவாடைய மாத்திக் கட்டிக்கிறீங்களோன்னுகூட ஒரு தடவ நெனச்சேன். ஜெபத்துல கண்ணத் தெறந்து உங்க காலப் பாத்தேன். சாமி மன்னிக்கட்டும். உங்க கையப் போயிச் சந்தேகப்பட்டேன் பாருங்க. முப்பது நாப்பது வருசத்துல ஒரு கைக்குட்டைகூட மாறி வந்ததில்ல உங்ககிட்டயிருந்து."

மறுநாள் மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். சேலை, ஜாக்கெட், ஸ்வெட்டர், துண்டு. டீச்சர் எதிரே உட்கார்ந்து நூலை வெட்டி வெட்டிக் கொடுத்தார். கடைசியில் உள்பாவாடை மூன்று. முதல் இரண்டிலும் பட்டியில் பதினாலு இருந்தது. அதை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு தைத்தேன். மூன்றாவதில் நம்பர் இல்லை.

"அதான் ஆயா நான் சொன்னது" என்றார்.

அதை மடியில் விரித்தபோது கீழ் ஓரம் என் கையில் வந்தது. ஒரு விரல் அகலத்துக்கு மடிப்பு வைத்துத் தைத்திருந்தது. என் தையல். நான் டீச்சரைவிடக் குட்டை. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, கால் தட்டுகிறது என்று என் மூன்று உள்பாவாடையிலும் அப்படி மடிப்பு வைத்தேன். அது என் நினைவிலேயே இல்லை. கொஞ்ச நாளாக ஒரு பாவாடை மட்டும் படியில் ஏறும்போது காலில் சிக்கியது. மடிப்புத் தையல் விட்டுப்போச்சு, ஒரு நாள் தைக்கணும் என்று நினைத்தேனே தவிர, குனிந்து பார்க்கவில்லை.

ஆக, அவருடையது என் தட்டில் இருந்தது. என்னுடையது அவர் தட்டில் இருந்தது. பிரித்து அடுக்கியது நான். அவர் தன் பாவாடையில் தன் நம்பரைத்தான் தைத்திருக்கிறார். அது துவைத்து வரும்போது சில தடவை அவர் தட்டுக்குப் போயிருக்கிறது, சில தடவை என் தட்டுக்கு வந்திருக்கிறது. என்னிடம் வந்தபோதெல்லாம் நான் நூலை எடுத்தேன். அவரிடம் போனபோதெல்லாம் அவர் நூல் இல்லாததைப் பார்த்து, தன் புத்தியைச் சந்தேகப்பட்டுக்கொண்டு மறுபடி தைத்தார்.

ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன ஆயா, கண்ணு தெரியலையா? வெளிச்சத்துக்கு வாங்க. வெரசா முடிச்சா டீ குடிக்கலாம்."

என் பாவாடையில் பன்னிரண்டு என்று தைத்து, மடித்து, அவர் பெட்டியில் வைத்தேன்.

வேன் வந்த அன்று காலை நல்ல வெயில். சமையல்காரி ஒரு டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். டிரைவர் வேனைச் சுற்றிவந்து நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார். டீச்சர் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கி, என்னைக் கூப்பிட்டு, "என் ஜன்னல் பக்கக் கட்டில நீங்க எடுத்துக்கங்க" என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அவர் போய் இரண்டு மாதம் ஆகிறது. எழுதுகிற இந்த நாள்வரை என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புது டாக்டர் மறுபடி வரவில்லை, பழையவர்தான் வருகிறார். கிழமை கேட்டால் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். கீழே இருந்தவர்கள் பதிமூன்று பேரா, குறைவா என்று எனக்கு உறுதியில்லை. முதல் தடவை நம்பரைப் பார்த்தது மே மாதம்தானா, அதற்கு முந்தியா என்பதும் சந்தேகம். மேட்ரன் போனில் பேசியது அதற்கு முன்னால் என்று எழுதியிருக்கிறேன், பின்னால்கூட இருக்கலாம். அவருக்கு ஞாபகம் இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் ஒன்றை மட்டும் யாராவது அய்யம்பாளையத்துக்கு நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். டீச்சரிடம் இருக்கிற மூன்று உள்பாவாடைகளையும் வாங்கிக் கீழ் ஓரத்தைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் மடிப்பு இருக்கும். அவருடையது என் தட்டில், மற்றத் துணிகளுக்கு மேலே இருக்கிறது, பட்டியில் ஊசித் துளை தெரியும். இரண்டையும் மேட்ரன் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் எழுதியது சரியாக இருந்தால், டீச்சர் தைத்தது தைத்ததுதான் என்று முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். யார் கீழே இருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். பார்க்கப் போகிறவர் நானாக மட்டும் இருக்கக் கூடாது. மடிப்பு இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.